கார்டு கையில் இருக்கிறது. பெயர் பட்டியலில் இருக்கிறதா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல்லடம் வட்டாரத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஒரு வாக்குச்சாவடிக்குரிய வாக்காளர் பட்டியலைக் கவனித்துக்கொள்ளும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பொறுப்பையும் பல ஆண்டுகள் ஏற்றிருந்தேன். ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கு முன்பும் என் காதில் அதிகம் விழுந்த பேச்சு, "எங்கிட்ட ஓட்டர் கார்டு இருக்குதுங்க வாத்தியாரே, அப்புறம் என்னங்க?" என்பதுதான். கார்டு இருப்பது வேறு, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வேறு என்பதை உங்கள் மனத்தில் பதியவைக்கவே இன்று இங்கே வந்திருக்கிறேன்.

ஒரு தேர்தலில், வேறொரு தொகுதியின் வாக்குச்சாவடியில் பட்டியலை வைத்துக்கொண்டு முதல் மேசையில் அமர்ந்திருந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் மஞ்சப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அட்டை உண்மையானது; படமும் அவருடையதுதான். மூன்று முறை தாள்களைப் புரட்டியும் அவர் பெயர் கிடைக்கவில்லை. பழைய வாடகை வீட்டைக் காலிசெய்தபோது 'இடம் பெயர்ந்தவர்' என்று பெயரை நீக்கியிருக்கிறார்கள். புது முகவரியில் அவர் பதிந்துகொள்ளவே இல்லை. "கார்டு இருக்குதுங்களே, சாமி" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வாக்குப்பதிவு நாளில் எந்த அலுவலராலும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க முடியாது.

நம் கொங்கு நாட்டில் இந்தச் சிக்கல் மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பது என் கணிப்பு. பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருப்போர், தறிக்குடோன் மாறும்போதெல்லாம் சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையே வீடு மாற்றுவோர், கல்யாணமாகிப் புகுந்த வீடு வந்த பெண்கள் எனப் பலருடைய பெயர் ஓர் ஊரிலும் வாழ்க்கை வேறோர் ஊரிலுமாக இருக்கின்றன. இவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று ஆகிய எல்லாவற்றுக்கும் 2022 ஆகஸ்டு முதல் அந்த ஒரே படிவந்தான். புதிதாகப் பதிவுசெய்வோருக்கான படிவம் 6ஐ இவர்கள் நிரப்பினால், ஒருவருக்கே இரண்டு இடத்தில் பெயர் ஏறிவிடும். வேறெங்கும் பெயர் இல்லை என்று அந்தப் படிவத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுப்பது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது.

"வீட்டுக்காரர் அக்ரிமெண்ட் போட்டுத் தரமாட்டேங்கிறாருங்க" என்று தயங்குவோர் பலர். பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் மட்டுமே சான்று என்றில்லை. அந்த முகவரி அச்சிட்ட ஆதாரோ வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புத்தகமோ போதும்.

எந்த ஊரில் பதிவது என்ற குழப்பத்துக்கும் அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு விடை தருகிறது. ஓர் ஊரில் சொந்த வீடோ தோட்டமோ இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிடமாட்டார். தோட்டம் காங்கயத்திலும் குடியிருப்பு கோவையிலும் என்றால், பெயர் கோவையில்தான் இருக்க வேண்டும். அதேபோல, தற்காலிகமாக வெளியூர் போவதால் ஒருவர் வசிப்பிடத்தை இழப்பதில்லை. லாரியோடு வடக்கே போய்வரும் நாமக்கல் ஓட்டுநர்களும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் தங்கும் திருச்செங்கோட்டுத் தொழிலாளர்களும் தங்கள் ஊர்ப் பட்டியலிலேயே நீடிக்க உரிமை உடையவர்கள். கணக்கெடுப்புக்கு வரும் அலுவலரிடம் "அவரு ஊர்ல இல்லீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், எப்போது திரும்புவார் என்பதையும் வீட்டிலிருப்போர் சொல்ல வேண்டும்.

சில பெயர்கள் விடுபட்டால் என்ன என்று நினைப்போர் மொடக்குறிச்சியை எண்ணிப்பாருங்கள். 1996இல் 1,033 பேர் களத்தில் நின்றதால் வாக்குச்சீட்டே புத்தகம்போல அச்சான தொகுதி அது. அங்கே 2021இல் வெற்றியைத் தீர்மானித்தவை 281 வாக்குகள். சில லைன் வீட்டு வளாகங்களில் குடியிருப்போரின் தொகை அது!

புதிய வாக்காளர்களுக்கு ஒரு சொல். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாட்களே இப்போது தகுதி நாட்கள்; அதாவது, பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா என்று கணக்கிடும் நாட்கள். பதினேழு வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காகப் பெயர் சேர்க்க இயலாது. ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் தந்த பிறகே விண்ணப்பத்தின்மீது முடிவெடுப்பார்கள் என்பதால், கடைசி வாரம் வரை காத்திருப்பது பெரிய தவறு.

வாக்களிக்கும் நாளில் பூத் சிலிப்பை மட்டும் காட்டி வாக்களிக்க முடியாது. வாக்காளர் அட்டை தொலைந்திருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புத்தகம், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டுசெல்லலாம்.

இந்த உரை முடிந்ததும் 1950 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். அல்லது உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, படம் ஆகிய நான்கையும் சரிபார்த்து, பட்டியலில் உங்கள் பெயருக்குரிய பாக எண்ணையும் வரிசை எண்ணையும் வீட்டில் தொங்கும் காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதிவைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.