பதினாறில் ஒன்றைக் காணோம்

வணக்கம் மக்களே. திரையில் இருக்கும் அட்டவணை போன வருடம் ஒரு ஆன்லைன் கடையின் செக்அவுட் பக்கத்தை, அதாவது பணம் கட்டும் பக்கத்தைச் சோதிக்க நான் கையால் எழுதியது. நாலு கேள்வி: உறுப்பினரா, கூப்பன் உண்டா, முதல் ஆர்டரா, கேஷ் ஆன் டெலிவரியா. ஒவ்வொன்றுக்கும் ட்ரூ அல்லது ஃபால்ஸ். 2×2×2×2, மொத்தம் 16 வரிசை வர வேண்டும். எண்ணிப் பாருங்கள், 15தான் இருக்கிறது. பிழை ஒளிந்திருந்ததும் சரியாக அந்த விட்டுப்போன வரிசையில்தான். கண்டுபிடித்தது நான் இல்லை, வாடிக்கையாளர்.

கையால் எழுதினால் மனசு தாவத்தான் செய்யும். அதனால் யோசிக்காதீர்கள், எண்ணுங்கள். 0 முதல் 15 வரை பைனரியில், அதாவது 0, 1 மட்டும் வைத்து: 0000, 0001, 0010... ஒவ்வொரு இலக்கமும் ஒரு கேள்வி, 1 என்றால் ட்ரூ, 0 என்றால் ஃபால்ஸ். நான் விட்டது 0110, அதாவது ஆறு. உறுப்பினர் இல்லை, கூப்பன் உண்டு, முதல் ஆர்டர், பணம் ஆன்லைனில். பைத்தான் மொழியில் அந்த எண்ணும் வேலைகூட இல்லை. அதோடு வரும் ஐட்டர்டூல்ஸ் தொகுப்பில் இருக்கும் புராடக்ட் ஃபங்ஷனுக்கு ஃபால்ஸ், ட்ரூ இரண்டையும் கொடுத்து ரிப்பீட் 4 என்று சொன்னால், இதே ஒழுங்கில் 16-ஐயும் கொட்டிவிடும்.

பள்ளியில் நேர், நிரை படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. அதே கணக்குதான்! தேமா, புளிமா என்று உருப்போட்டபோது யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

வரிசை தானாக வரும், ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது என்பது தானாக வராது. புரோகிராமை ஓட்டி, வந்த விடையையே எதிர்பார்த்த விடை என்று ஒட்டிவிடாதீர்கள். பிழையும் சேர்ந்து பாஸ் ஆகிவிடும். உறுப்பினர், முதல் ஆர்டர் இரண்டும் ட்ரூவாக வரவே முடியாது என்பார்கள். அந்த நாலு வரிசையையும் நான் நீக்க மாட்டேன், புரோகிராம் மறுக்கிறதா என்று பார்ப்பேன்.

10 கேள்வி என்றால் 1,024. புரோகிராமின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. 20 ஆனால் 10,48,576. பிரவுசரில் ஒன்றுக்கு 3 விநாடி வைத்தாலும் 36 நாள் ஓடும். அங்கே பேர்வைஸ்தான் வழி: எந்த இரண்டு கேள்வியை எடுத்தாலும் அவற்றின் நாலு சேர்க்கையும் எங்காவது வந்தால் போதும். 10 கேள்விக்கு 6 வரிசையிலேயே முடிந்துவிடும். ஆனால் நாலும் ஒன்றுசேர்ந்தால்தான் வெடிக்கும் பிழை அதில் நழுவிப் போகலாம். என்னுடையது அந்த ரகம்.

சரி, பழைய புரோகிராமில் 0110-ஐ ஓட்டுகிறேன். கூப்பன் கழிகிறது... முதல் ஆர்டர் தள்ளுபடியும் கழிகிறது... கட்ட வேண்டிய தொகை, மைனஸ் 40 ரூபாய்.