ஒரு யூனிட் என்பது எவ்வளவு?

நேயர்களுக்கு என் வணக்கம்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான், முதலாண்டு வகுப்பில் முதல் வாரமே ஒரு கேள்வி கேட்பது வழக்கம். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது? ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள், இந்தக் கேள்விக்கு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "கரண்ட் பில்லை அப்பாதான் சார் கட்டுவாரு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆற்றலை அளக்கும் ஜூல் என்ற அலகை நாங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டினோமே தவிர, அது எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்று தொட்டுப் பார்க்க வைக்கவில்லை.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். மின்மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி வரச் சொல்கிறேன். 75 வாட் எடுக்கும் பழைய விசிறி என்றால் நாற்பது முறை மின்னும். 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறி என்றால் பதினாறு. இஸ்திரிப்பெட்டியைச் செருகினால் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு முறை. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் மறுநாள் வந்து, "எல்லாத்தையும் அணைச்ச பிறகும் அது மின்னுது சார், மீட்டர் பழுது" என்று முறையிடுவார். துருவிக் கேட்டால், தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டு வைத்திருப்பார்கள். பத்து வாட்தான் என்றாலும், இரண்டு மாதத்துக்கு அது பதினான்கு யூனிட்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிரம் லிட்டர் நீரைப் பத்து மீட்டர் உயரத்துத் தொட்டிக்கு ஏற்றுவதற்குத் தேவையான ஆற்றல் 98 ஆயிரம் ஜூல். யூனிட் கணக்கில் 0.03-க்கும் குறைவு. மோட்டாரும் பம்பும் குழாயும் தின்பதைச் சேர்த்து நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் 0.11-ஐத் தாண்டாது. அதே தொட்டியிலிருந்து 15 லிட்டரை ஒரு வாளியில் பிடித்து, ஹீட்டரால் 20 டிகிரி சூடேற்றினால் 0.35 யூனிட் ஆகிறது. மோட்டாரை அணைக்க மறந்ததற்காக வீடே அதிரக் கத்தும் பெரியவர்கள், ஹீட்டர் வாளிக்குள் கிடந்து கொதிப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மோட்டார் சத்தம் போடுகிறது, ஹீட்டர் போடுவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அளவுணர்வு இல்லாத இடத்தில் கொள்கையும் தடுமாறுகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டண அட்டவணையை வகுப்பில் வரைபடமாக வரையச் சொன்னேன். அந்த அட்டவணைப்படி முதல் 100 யூனிட் அனைவருக்கும் இலவசமாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1725 ரூபாய். 501 யூனிட் ஆகிவிட்டாலோ, இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகை கைநழுவிப் போய், தொகை 1958 ரூபாயானது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! மிகுதியாகச் செலவழிப்பவர் மிகுதியாகக் கட்டட்டும் என்ற நோக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கோடு படிப்படியாகச் செங்குத்தாவது வேறு, ஓரிடத்தில் அறுந்து மேலே தாவுவது வேறு. கணக்கெடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதித்ததால் ஒரு குடும்பம் அந்தப் பிளவைத் தாண்டிவிட நேர்ந்தால், அதில் சிக்கனத்துக்கு என்ன பாடம் இருக்கிறது?

செய்தித்தாள்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு மின்நிலையம் நாளொன்றுக்கு இத்தனை மெகாவாட் உற்பத்தி செய்கிறது என்று எழுதுகிறார்கள். மெகாவாட் என்பது ஆற்றல் உற்பத்தியாகும் வேகம். அதை நாளொன்றுக்கு என்று சொல்வது, பேருந்து நாளொன்றுக்கு மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைப் போன்றது. கூடங்குளத்தின் ஓர் அணு உலை 1000 மெகாவாட் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் பத்து லட்சம் யூனிட் கிடைக்கிறது. நம் மொழியில் அந்த உலையும் 'அலகு', ஜூலும் 'அலகு' என்பது மாணவர்களை மேலும் ஒரு சுற்று சுற்றவைக்கிறது.

சென்ற ஆண்டு இந்த வீட்டுப்பாடத்துக்கு ஒரு மாணவி வெறும் தாளோடு வந்து நின்றாள். அவள் எண்ண விரும்பியது தன் தாத்தாவின் கிணற்று மோட்டாரை. இலவச விவசாய இணைப்பில் மீட்டரே இல்லை. மீட்டர் இருந்தால் நாளை பில்லும் வந்துவிடும் என்ற அச்சம் உழவர்களுக்கு உண்டு என்பதை நான் அறிவேன். இலவசமாகக் கொடுப்பதும் அளந்து கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அவர்களை இதுவரை எவரும் நம்பவைக்கவில்லை. மோட்டாரின் தகட்டில் குதிரைத்திறன் எழுதியிருக்கும், ஒரு குதிரைத்திறனுக்கு 746 வாட் என்று பெருக்கி, ஓடும் மணி நேரத்தால் மீண்டும் பெருக்கு என்றேன். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 22 யூனிட். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, "அந்த மோட்டாரை ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு சார். தகட்டுல இருக்கறது இப்பவும் சரியா இருக்குமா?" என்று கேட்டாள்.

இருக்காது. அடுத்த சனிக்கிழமை கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு நாங்கள் அந்தக் கிணற்றடிக்குப் போனோம்.