பகல் கச்சேரி, இரவுக் கச்சேரி

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "கச்சேரிக்குப் போறன்" என்றால், "எந்தக் கச்சேரிக்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரச செயலகத்துக்கும் அந்தப் பெயர்தான். கோயில் மண்டபத்தில் நடக்கும் பாட்டுக்கும் அந்தப் பெயர்தான். முதலாவது கச்சேரியில் பகல் முழுக்கக் கோவை புரட்டிவிட்டு, பின்னேரம் இரண்டாவது கச்சேரிக்கு வயலின் பெட்டியோடு போகிறவர்கள் இந்த ஊரில் என்றைக்கும் உண்டு. அவர்களைப் பற்றியும், மேசன் வேலை, தச்சு, தோட்டம், கடல், வகுப்பறை என்று பகலைக் கழித்துவிட்டு விளக்கு வைத்த பிறகு வாத்தியத்தைத் தொடுகிறவர்களைப் பற்றியும்தான் இன்று பேசப் போகிறேன்.

அளவெட்டி, இணுவில் பக்கத்து நாதஸ்வர, தவில் மரபு வேறு. அங்கே தொழிலே இசை. சாதகத்துக்கென்று, அதாவது பயிற்சிக்கென்று, தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. மற்ற எல்லோரும் சொல்வது ஒரே குறை: நேரம் இல்லை. அது உண்மைதான். ஆனால் நேரத்தைவிட முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமல் போகிறது. பகல் செய்த வேலை கையில், காதில், தொண்டையில் ஏறி, இரவு பாயில் உங்களோடு வந்து குந்துகிறது. அது அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் கிடைக்கிற அரை மணித்தியாலம் உருப்படும்.

கையிலிருந்து தொடங்குவோம். மிருதங்கம் வாசிக்கிற மேசன்மார் நம்மிடையே பலர். ஈரச் சீமெந்துக் கலவை கடும் காரம். அதன் பிஎச் அளவு 12 முதல் 13 வரை போகும். மனிதத் தோலோ ஏறக்குறைய 5. அதனால் தோலில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை கழன்று, விரல் மூட்டு மடிப்புகளில் முதலில் வெடிப்பு விழும். மிருதங்கத்தில் 'நம்' என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரலை மெல்ல ஊன்றிச் சுட்டுவிரலால் வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், ஓரத்தைத் தட்டுகிறோம். வெடிப்பு இருக்கும் சுட்டுவிரல் அந்தத் தட்டைத் தன்னையறியாமல் மெதுவாக்கும். சொல் மழுங்குவது பயிற்சிக் குறைவால் என்று குருவும் நினைப்பார், மாணவரும் நினைப்பார். காரணம் சீமெந்து. வேலையில் றப்பர் கையுறை போடுங்கள். கையுறைக்குள் கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட சீமெந்து வெறுங்கையில் பட்டதைவிடக் கூடுதலாகப் புண்ணாக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காரம் குறைந்த சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேங்காயெண்ணெய் பூசுவது நல்லது. ஆனால் படுக்கப் போகும்போது பூசுங்கள், வாசிக்க முன் வேண்டாம். எண்ணெய்க் கை பட்டால் வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்புக் கரணை ஊறிப் பொருபொருக்கத் தொடங்கும்.

தோட்டக்காரர்களுக்கு வேறு சிக்கல். மிளகாய் பிடுங்கின கையைத் தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் காரம் போகாது, ஏனென்றால் அது தண்ணீரில் கரைவதில்லை. எண்ணெயில்தான் கரையும். புல்லாங்குழல் வாசிக்கிறவர் அந்த விரலால் முத்திரைத் துளையைத் துடைத்துவிட்டு உதட்டில் வைத்தால், உதடு எரிந்து வீங்கி அன்றைய வாசிப்பு அதோடு சரி. முறை இதுதான்: முதலில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயை நகக் கண் வரை தேய்த்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணீர் படாமல் பழைய துணியால் துடையுங்கள். அதன் பிறகு சவர்க்காரம். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை. நகக் கண்ணில் தங்கும் காரம் கடைசியாகத்தான் போகும், அங்கே பழைய பல்துலக்கி உதவும். புகையிலை முறிக்கிற காலத்திலும் இதே கவனம் தேவை. இலையின் பசை விரலில் கருப்பாக ஏறி, வீணைத் தந்தியில் விரல் வழுக வேண்டிய இடத்தில் ஒட்டும், சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் இழுபடும்.

கயிறும் வலையும் இழுக்கிறவர்களின் கை காய்த்திருக்கும். மத்தளத்துக்கு அது குறையே இல்லை, நல்லது என்றே சொல்வேன். வயலினுக்கு மட்டும், இடதுகை விரல் நுனியில் காய்ப்பின் விளிம்பு தந்தியில் மாட்டி ஒரு கீறல் சத்தம் தரும். குளித்து முடிந்து தோல் ஊறியிருக்கும்போது நகம் தேய்க்கும் அரத்தால் விளிம்பை மாத்திரம் தேயுங்கள். முழுக் காய்ப்பையும் எடுத்துவிட்டால் மறுநாள் தந்தி வெட்டும். தையல்காரருக்கு ஊசி குத்தின விரல்தான் பிரச்சினை. துணியைத் தள்ளும் சுட்டுவிரலுக்கு ஒரு கவசம் போட்டால் தீர்ந்தது.

கையை விடக் காது பெரிய விஷயம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கை ஆறும். காதில் போனது திரும்பி வராது.

தச்சுப் பட்டறை, அரிசி ஆலை, ஜெனரேட்டர் அறை, இரும்பு வெட்டுமிடம் என்று எங்கே வேலை செய்தாலும் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் காது தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2. மின்சார வட்டவாள் 100 அளவில் கத்தும். அதற்கு 15 நிமிடம்தான். நாள் முழுக்கப் பலகை அறுக்கிற ஒருவர் தன் அன்றைய பங்கைத் தேத்தண்ணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுகிறார்.

இரைச்சலால் கேட்கும் திறன் குறையத் தொடங்குவது 4000 ஹேர்ட்ஸ் அளவில். சாதாரணப் பேச்சு அப்போதும் கேட்கும், ஆகவே ஒன்றும் தெரியாது. தம்பூராவின் ஜீவாளி, அந்த மினுமினுப்பு, அந்த மேல் நாதங்களில்தான் இருக்கிறது. அது மங்கினதும் "இந்தத் தம்பூரா முந்தி மாதிரி இல்லை" என்று வாத்தியத்தில் பழி போடுவார்கள். அன்றாடம் நடக்கிற தற்காலிக மந்தமும் உண்டு. ஆலையால் வந்த உடனே சுருதிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைக்கத் தோன்றினால் அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் காதை நம்பிச் சுருதி சேர்க்காதீர்கள். கைபேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியைப் பார்த்துச் சேருங்கள், அல்லது சாதகத்தை விடிய வையுங்கள். இரவு நித்திரை காதுக்கும் ஓய்வு.

காதடைப்பான் மலிவான பொருள். பலர் அதைப் பிழையாகப் போட்டுவிட்டு, பயன் இல்லை என்று எறிந்துவிடுகிறார்கள். மெத்தென்ற நுரை அடைப்பானை விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லிய திரியாக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். அப்போது செருகி, அது உள்ளே விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். வெளியே பாதிக்கு மேல் தெரிந்தால் அது சரியாக உள்ளே போகவில்லை. பஞ்சு வைப்பது இதற்கு ஈடாகாது. பட்டறைக்குச் சொன்னது மேடைக்கும் பொருந்தும்: இசைக்குழுவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்று வாசிக்கிறவரும் அதே கணக்குக்குள்தான்.

இனித் தொண்டை. பாடுகிற ஆசிரியர்கள் இந்தக் குடாநாட்டில் நிறைய. 40 நிமிடப் பாடவேளை ஆறு எடுத்தால் 4 மணித்தியாலம் பேச்சு, அதுவும் பின் வாங்கு வரை எட்ட வேண்டிய பேச்சு. உரக்கப் பேசும்போது குரல் தன் இயல்பான இடத்தைவிட மேலே ஏறிவிடும். பின்னேரம் வீட்டுக்கு வந்து வழக்கமான கட்டையில், அதாவது சுருதியில், பாடத் தொடங்கினால் மேலே தாரஸ்தாயியில் குரல் இறுகும். வேலை நாட்களில் ஒரு கட்டை இறக்கிப் பாடுங்கள். ஐந்தரையில் பாடுகிறவர் நாலரையில் பாடுவதால் எதுவும் குறைந்துவிடாது. பாடசாலை விட்டபின் இரண்டு மணித்தியாலம் குரலுக்கு ஓய்வு கொடுங்கள். ஓய்வு என்றால் குசுகுசுப்பும் கூடாது. அதுவும் குரல்நாணை இறுக்கும். பிறகு ஒரு போத்தலில் மூன்று விரற்கடை தண்ணீர் விட்டு, குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரோவை அதற்குள் வைத்து, குமிழி வரும்படி 'ஊ' என்று ஐந்து நிமிடம் ஊதுங்கள். மந்தரத்திலிருந்து மத்திமம் வரை மெல்ல வழுக்கி ஏறி இறங்குங்கள். குரல்நாண் முட்டாமல் அதிரப் பழகும். அதன் பிறகு 'ஆ' என்று பாடும் அகாரம். கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் கை மருந்தில் நிற்காமல் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கதிரை உத்தியோகக்காரருக்கு இடுப்பு. பகல் முழுக்கக் கதிரையில் இருந்தவர் இரவு சப்பணம் கட்டி வயலினை மார்புக்கும் வலது கணுக்காலுக்கும் இடையில் நிறுத்தும்போது முதுகு கூனும், வயலின் தலை சரியும், இடதுகை வாசிப்பதை விட்டுவிட்டுத் தாங்கத் தொடங்கும். மூன்று அங்குல மெத்தை ஒன்றை இடுப்புக்குக் கீழே போட்டால் முதுகு நிமிரும். இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் பல வருட மணிக்கட்டு வலியை அது தீர்க்கும். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் வந்தவர்கள் விரல் விறைப்பு அடங்கக் கால் மணித்தியாலம் பொறுத்துத்தான் வில்லை எடுக்க வேண்டும்.

வேறு தொழில் பார்த்தவர்கள் இசையில் சின்னவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடிய கீர்த்தனைகளை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் நீதிபதி. தமிழிசை ஆராய்ச்சிக்குப் பெருநூல் தந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியர். ஸ்ரீபாத பினாகபாணி மருத்துவப் பேராசிரியர். நம்மவர் விபுலானந்த அடிகள் துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்தவர், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். தந்தியின் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சமம் தரும், நாலில் மூன்று பங்கு மத்திமம் தரும் என்ற கணக்கோடு பழைய யாழை மீட்டெடுத்து 1947இல் யாழ் நூலை வெளியிட முடிந்ததற்கு அந்த விஞ்ஞான வாத்தியார் மூளையும் ஒரு காரணம் என்பது என் துணிபு. நேரம் போதாமையின் விலையும் இருக்கத்தான் செய்கிறது. ரஷ்யாவின் பொரோடின் இரசாயனப் பேராசிரியர். 1869இல் தொடங்கிய இசை நாடகத்தை முடிக்காமலே 1887இல் இறந்தார். நண்பர்கள்தான் முடித்தார்கள்.

அந்த நேரத்தை எங்கே தேடுவது? பேருந்தில் தேடலாம். சாவகச்சேரியிலிருந்து பட்டணம் வருகிற பேருந்தில் வாத்தியம் தேவையில்லை, தொடையும் விரலும் போதும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளம் போடுங்கள், ஒரு எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரையாக ஒரு சுற்றுக்கு, அதாவது ஆவர்த்தனத்துக்கு, 32. 'ததிங்கிணதொம்' ஐந்து மாத்திரை. அதை மூன்று தரம், இடையில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டுச் சொன்னால் 17. ஆகவே 15 மாத்திரை விட்டு, பதினாறாவதில் தொடங்க வேண்டும். கையில் அது எங்கே என்றால், நடுவிரல் எண்ணிக்கையின் கடைசிக் கால். முதல் 'த' அங்கே விழும்; 'திங்' ஐந்தாவது தட்டில் சரியாக உட்காரும். கடைசி 'தொம்' முடிந்ததும் சமம், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டு. பெரும்பாலும் பிழைப்பது முதல் 'த'வை ஐந்தாவது தட்டிலேயே போடுவதால். அப்படிப் போட்டால் முடிவு சமத்தைத் தாண்டி ஒரு மாத்திரை வழியும். முதலில் வேகத்தைப் பாதியாக்கிச் சொல்லிப் பாருங்கள். பேருந்து நிற்கும்போதும் குலுங்கும்போதும் தாளம் நின்றால், அந்தக் கணக்கு இன்னும் உங்களுடையதாகவில்லை.

இளைப்பாறிய பிறகு தொடங்குகிறவர்களுக்கு ஒரு சொல். சுருக்கெழுத்துப் பழகிய பழைய கிளாக்கர் ஸ்வரக் குறிப்பை மற்றவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார். நில அளவை செய்தவருக்கு வீணைத் தண்டியில் பதித்த மெட்டுகளின் இடைவெளி கண்ணிலேயே தெரியும். அந்த அனுபவத்தைப் பாவியுங்கள். ஆனால் இனி நேரம் தாராளம் என்று முதல் நாளே மூன்று மணித்தியாலம் வாசிக்க வேண்டாம். அறுபது வயது விரல் நரம்புக்கு, 20 நிமிட வாசிப்பு, 10 நிமிட ஓய்வு, நாளைக்கு மூன்று தரம் என்பதே கூடுதல்.

சேர்ந்து வாசிக்க ஒரு நாள் வேண்டும் அல்லவா? பறுவத்தை, அதாவது பூரணை நாளை, பிடியுங்கள். போயா விடுமுறை என்பதால் கச்சேரியும் பாடசாலையும் பூட்டு. வெளிச்சம் வைத்து மீன் பிடிக்கிறவர்களுக்கும் நிலவுக் காலத்தில் மீன் வெளிச்சத்துக்குக் கூடுவது குறைவு. கிளாக்கரும் வாத்தியாரும் கடற்றொழிலாளியும் ஒரே பாயில் இருக்கக் கூடிய நாள், மாதத்தில் அது ஒன்றுதான். அன்றைக்கு முதல் 20 நிமிடத்தைச் சுருதிக்கு மட்டும் ஒதுக்குங்கள். கைபேசியை மிருதங்கத்திலிருந்து ஆறடி தள்ளி வைத்துப் பதியுங்கள், பக்கத்தில் வைத்தால் இடப்பக்கத் தோலான தொப்பியின் முழக்கம் மற்றதெல்லாவற்றையும் விழுங்கிவிடும். முடிந்து போகும்போது எவ்வளவு களைப்பென்றாலும் நாதத்துக்காகத் தொப்பியில் ஒட்டின ரவையைச் சுரண்டி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, கவிழ்க்காமல் படுக்க வைத்துவிட்டுப் போங்கள். விடிய வேலைக்கு ஓடும் அவசரத்தில் அதை யாரும் செய்வதில்லை. பின்னேரம் வந்து பார்க்கும்போது ரவை புளித்திருக்கும், தோலில் எறும்பு ஏறியிருக்கும்.

நன்றி, வணக்கம்.