முதுகைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்

(வாசிப்பு மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கௌரவ பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, இத்தனை வேலைக்கிடையிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, நம் கண்ணகை அம்மன் கோயில் பெரிய வண்ணக்கர் அவர்களே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹாஜியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர்மாரே, கடைசி வாங்கிலிருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் உயர்தர மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கிராம சேவையாளர் தம்பியை விட்டுவிட்டேன் என்று பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிக்கிறார். தம்பி, உங்களுக்கும் வணக்கம். ஹாஜியார் தம் கையால் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். இந்த வெக்கையில் அதைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறேன். அவர் மனம் கோணக்கூடாது.

எனக்குத் தந்த தலைப்பு ‘மற்றமை, மனச்சாட்சி, பிரக்ஞையின் அமைப்பு’. அழைப்பிதழில் இதைப் பார்த்தபோது பாதிக் கதிரை வெறுமையாகத்தான் கிடக்கும் என்று நினைத்தேன். மற்றமை என்றால் நான் அல்லாத மற்றவர், பிரக்ஞை என்றால் நம் விழிப்புணர்வு. மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முன் நம் ஆட்களின் ஒரு பழமொழி: தன் முதுகு தனக்குத் தெரியாது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு போடியார், அதாவது பெரிய நிலச்சொந்தக்காரர், இருந்தார். நூறு ஏக்கர் வயல், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அது தேர்தல் காலம். போடியார் ஒரு கட்சிக்காகக் காலையிலேயே இறங்கிவிட்டார். கட்சி எது, சின்னம் எது என்று கேட்காதீர்கள். நான் இரவைக்கு வீடு போய்ச் சேர வேண்டும். சந்தியில் ஒரு மதிலில் சாய்ந்து வெற்றிலை போட்டார். அந்த மதிலில் அப்போதுதான் எதிர்க்கட்சிப் பொடியன்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள், பசை காயவில்லை. போடியார் எழும்பி நடக்கிறார், முதுகில் எதிர்க்கட்சி வேட்பாளர் சிரித்துக்கொண்டே கூடப் போகிறார்! வீடு வீடாகப் போகிறார். முன்னால் நின்று தன் சின்னத்துக்கு வாக்குக் கேட்கிறார். கும்பிட்டுத் திரும்பினால் முதுகு மற்றச் சின்னத்துக்குக் கேட்கிறது. வயற்காரர் பார்த்தார்கள், சொல்லப் பயம். வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானை பார்த்தார், அவருக்குப் போடியாரோடு ஒரு பழைய கோபம், சொல்லவில்லை. மருமகன் பார்த்தார். மருமகன் எந்தக் கட்சி என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது!

மத்தியானம் துறை கடந்து வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்து, முஸ்லிம் கடைத்தெருவில் ஒரு தையற்காரக் காக்காவின் கடை வாசலால் போகிறார். தையல் மெஷினில் இருந்தபடியே காக்கா கூப்பிட்டார்: “போடியார், கொஞ்சம் நில்லுங்க. மற்றப் பக்கம் கிறுகுங்க.” “என்ன காக்கா?” “ஒண்டுமில்ல, உங்கட முதுகு வேற ஆளுக்குப் புள்ளடி கேக்குது.” தண்ணீர் தொட்டு நோட்டீஸைக் கிழியாமல் உரித்துக் கையில் கொடுத்தார். போடியார் அதைப் பார்த்தார். மறுகா, காலையிலிருந்து கூடவே வந்த தன் ஆட்களைப் பார்த்தார். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவருடைய சட்டையெல்லாம் அந்தக் கடையில்தான் தைத்ததாம்.

சிரித்தது போதும். முதலில் மற்றமை. 1943இல் சார்த்தர் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் ‘இருத்தலும் இன்மையும்’ எழுதினார். அதில் ஒருவன் கதவின் திறப்புத் துவாரத்தால் எட்டிப் பார்க்கிறான். பார்க்கிற வரையில் அவனுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே இல்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, அந்தக் கணம் வெட்கம் வருகிறது. அவன் முதுகு அவனுக்குத் தெரியவந்தது மற்றவனால். ஆனால் சார்த்தருக்கு அந்த மற்றவன் ஒரு தொல்லை, என் சுதந்திரத்தைப் பறிக்க வந்தவன். இதில் எனக்கு உடன்பாடில்லை. தையற்காரக் காக்கா போடியாரிடமிருந்து எதைப் பறித்தார்?

1906இல் லித்துவேனியாவின் கவுனஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த லெவினாஸ் என்ற மெய்யியலாளர்தான் இதைத் திருப்பிப் போட்டவர். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஜேர்மனியரிடம் சிறைப்பட்டவர். தகப்பனையும் சகோதரரையும் நாசிகளிடம் பறிகொடுத்தவர். மற்றவருடைய முகம் ‘என்னைக் கொல்லாதே’ என்று சொல்கிறது, நான் யோசித்துச் சம்மதிக்கும் முன்பே எனக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது என்றார். கைதிகளைக் காட்டுக்கு வேலைக்குக் கொண்டுபோவார்களாம். வழியில் பார்ப்பவர்கள் கண்ணில் அவர்கள் மனிதரே இல்லை. ஒரு தெருநாய் மட்டும் போகும்போதும் வரும்போதும் துள்ளிக் குரைத்து வரவேற்றது. கைதிகள் அதற்கு பொபி என்று பெயர் வைத்தார்கள். சில வாரத்தில் காவலாளிகள் துரத்திவிட்டார்கள். மனிதரை மனிதராக மதிக்கச் சொன்னவர் காண்ட் என்ற ஜேர்மன் மெய்யியலாளர். நாசி ஜேர்மனியின் கடைசிக் காண்ட்வாதி அந்த நாய்தான் என்று பிற்காலத்தில் லெவினாஸ் எழுதினார்.

இனி மனச்சாட்சி. ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்கிறார் வள்ளுவர். சுடாத நெஞ்சு உண்டா? 1961இல் யெரூசலேம் நீதிமன்றத்தில் ஐக்மன் நின்றான். இலட்சக்கணக்கான யூதரை மரண முகாம்களுக்கு ரயிலேற்றிய அதிகாரி. காண்டின் ஒழுக்கக் கொள்கைப்படிதான் வாழ்ந்தேன் என்று அங்கே சொன்னான்! புத்தகத்தில் காண்ட் இருந்தும் நெஞ்சு சுடவில்லை. வழக்கைப் பார்த்து எழுதிய சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், மற்றவர் நிலையில் நின்று நினைத்துப் பார்க்கத் தெரியாததே அவனுடைய பெருங்குறை என்றார். மனச்சாட்சி நமக்குள்ளே தானாக எரியும் விளக்கென்று நான் நம்பவில்லை. அதை ஏற்றிவைக்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது.

தவிசாளர் ஐயா, இப்போது உங்களைப் பார்க்கிறேன். எல்லை வீதியில் சபைக்குச் சொந்தமான ஒரு கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் முஸ்லிம் ஊர், இந்தப் பக்கம் தமிழ் ஊர். இரண்டு ஊரிலும் குடி என்ற வம்சம் தாய் வழியில்தான் வருகிறது, இரண்டு ஊரும் ஒரே வாவியில் மீன் பிடிக்கிறது. பிள்ளைகள் மட்டும் வேறு வேறு பள்ளிக்கூடம், வேறு வேறு ரியூஷன். பதினெட்டு வயதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்க்காமலே வளர்கிறார்கள். விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்த சைவப் பிள்ளை. கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். அந்நியர் வாங்கில் இருந்து படித்ததால் அவர் சைவம் குறைந்ததா? அந்தக் கட்டடத்தை இரண்டு ஊருக்கும் பொது வாசிகசாலையாகத் திறந்து தாருங்கள். தினசரிப் பத்திரிகை, நாலு மேசை, ஒரு மின்விசிறி போதும். கூட்டுறவுச் சங்கத்துக்குக் களஞ்சியமாகக் கொடுக்கப்போவதாக ஒரு கதை கேள்விப்பட்டேன். நெல்லு வைக்க வேறு இடம் இருக்கிறது ஐயா. வண்ணக்கரும் ஹாஜியாரும் கடிதத்தில் ஒப்பமிடச் சம்மதித்துவிட்டார்கள், இந்த மேடையில் வைத்தே சொல்லிவிடுகிறேன், பிறகு மாறமுடியாது.

மூன்றாவது விடயம், பிரக்ஞையின் அமைப்பு. தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பிரக்ஞை எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிய பிரக்ஞைதான் என்று பிரென்டானோ என்ற மெய்யியலாளர் தொடக்கிவைக்க, அவருடைய மாணவர் ஹுசேர்ல் அதை விரித்தார். உயிர் அறிவித்தால் அறியும், சார்ந்ததன் வண்ணமாகும் என்கிறது நம் சைவசித்தாந்தம். இரண்டையும் அருகருகே வைத்துப் பேச ஒரு முழு மாலை வேண்டும். அதை அந்த வாசிகசாலைத் திறப்பு விழாவில் பேசுகிறேன். அழைப்பதும் அழைக்காததும் தவிசாளர் கையில்.

வாசல் மேசையில் கையெழுத்துக் கொப்பி இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை, பெயரும் ஊரும் எழுதினால் போதும். தேநீரும் வடையும் கையெழுத்துப் போட்டவருக்கும் போடாதவருக்கும் உண்டு. பேனையை மட்டும் தயவுசெய்து மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.