ஜூன் 15-க்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் இளைஞர்களோடு ஒரு கோடை முழுக்கப் பாம்பன் தீவில் தங்கி வேலை செய்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் பங்கில் இளைஞர் குழுவுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். 2024 மே மாதம் முதல் ஞாயிறு, திருப்பலி முடிந்த கையோடு பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த வருஷம் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. 1914-இல் திறந்த பழைய பாலம் மூடிக் கிடந்தது. பக்கத்திலேயே புதுத் தூக்குப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. இக்கரையில் மண்டபம் ஸ்டேஷனோடு ரயில் நின்றுவிடும். மூட்டை முடிச்சோடு இறங்கி, பஸ் பிடித்து, சாலைப் பாலம் வழியாகத் தீவுக்குள் போனோம். கடற்கரையை ஒட்டிய ஒரு பங்கு. பிள்ளைகளுக்குக் கோவில் மண்டபத்திலும், எங்களுக்கு சிஸ்டர்களின் மடத்திலும் இடம்.

மதுரையில் உட்கார்ந்து நாங்கள் ஒரு திட்டம் போட்டிருந்தோம். கோவில் சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, கடற்கரையைத் துப்புரவு செய்வது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு, கடைசி நாள் ஒரு தெருநாடகம். பெயின்ட் டப்பாகூட வாங்கிக்கொண்டு போயிருந்தோம். பங்குத்தந்தை டப்பாவைப் பார்த்தார். "சுவர் எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல நாலு நாள் ஊரைச் சுத்தி வாங்க" என்றார்.

பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் காலையிலேயே சாக்குப் பையோடு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். சிக்கலும் சிடுக்குமாக ஒரு பழைய வலை மணலில் கிடந்திருக்கிறது. குப்பை என்று நினைத்து வெட்டி, சாக்கில் திணித்துவிட்டார்கள். ஒரு பெரியவர் ஓடிவந்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "குப்பை இல்லம்மா. ஈயக்குண்டும் மிதவையும் அறுத்து எடுத்தா இன்னொரு வலைக்கு ஆகும்னு போட்டு வச்சிருந்தேன்" என்றார். சாக்கைக் கவிழ்த்து, எல்லாரும் மணலில் உட்கார்ந்து, ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தோம். அன்றைக்கு மத்தியானம் வரை அதுதான் வேலை. அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் எங்கள் பிள்ளைகள் எதையும் தொடவில்லை.

ஊரைச் சுற்றினால், எங்கே பார்த்தாலும் ஆண்கள் கரையில் இருந்தார்கள். விசைப்படகுகள் வரிசையாக நின்றன. சில படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள், சிலவற்றுக்குப் பெயின்ட் அடித்தார்கள். மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் 61 ஆக்கினார்கள். மீன் பெருகட்டும் என்றுதான் மீனவரும் நினைக்கிறார். ஆனால் அடுப்பு எரிய வேண்டுமே. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணத்தை 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்ட்டில் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 8,000-ஐ 61-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 131 ரூபாய். படகைப் பழுது பார்க்க வாங்குகிற கடனும் இந்த இரண்டு மாதத்தில்தான் ஏறுகிறது. கடன் கொடுத்தவர் ஜூன் 15-ஐ எண்ணிக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போது, மே 10, வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. மாநிலத்தில் 91.55 சதவீதம் தேர்ச்சி என்று டிவியில் ஓடியது. அன்றைக்குச் சாயங்காலம் கோவில் மண்டபத்தில் பாட்டு வகுப்பு முடிந்து சின்னப் பிள்ளைகள் போன பிறகு, தூணுக்குப் பின்னால் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். "டீச்சரம்மா, நீங்க கணக்கு டீச்சராமே? எம் பையன் கணக்குல போய்ட்டான். ஜூலையில திரும்ப எழுதலாம்ங்குறாக. அவன் அப்பா, படகுக்கு ஆள் தேவைப்படுது, போகட்டும்ங்குறாரு" என்றார். அடுத்த நாள் இன்னும் மூன்று அம்மாக்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு கணக்கெடுத்தால் ஒன்பது பையன்கள். தேறாத எட்டரை சதவீதத்தில் அந்தக் கடற்கரைப் பங்கில் மட்டும் ஒன்பது பேர்.

பெயின்ட் டப்பாவை ஓரமாக வைத்தோம்.

முதல் உதவி பாடமே இல்லை, விண்ணப்பம்தான். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டிப் பதிவுசெய்யக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள். தோற்ற பையனுக்குப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூச்சம். எங்கள் குழுவில் இரண்டு பேர் அவர்களோடு கூடவே போய், வாசலில் நின்று, எழுதி முடிக்கிற வரை இருந்தார்கள். அதைப் பெரிய வேலையாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அது நடக்காமல் இருந்திருந்தால் நான் இப்போது சொல்லப்போகிற எதுவும் நடந்திருக்காது.

வகுப்பு தொடங்கிய முதல் நாள் எங்கள் பையன் ஒருவன், நல்ல எண்ணத்தோடுதான், அப்துல் கலாம் இதே தீவில் பேப்பர் போட்டுப் படித்தவர் என்று ஆரம்பித்தான். ஒன்பது முகமும் அப்படியே மூடிக்கொண்டன. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கலாம் மேல் அவர்களுக்கு இருக்கிற மரியாதை நமக்கு இருப்பதைவிடக் கூடுதல். ஆனால் போன வெள்ளிக்கிழமை தோற்றுப்போன பையனுக்கு வேண்டியது ஜனாதிபதி இல்லை, 35 மார்க்.

கணக்கில் அவர்களை ரொம்பப் பயமுறுத்தியது உயரங்களும் தூரங்களும். கரும்பலகையில் வழக்கமான கணக்கு ஒன்றைப் போட்டேன். 60 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு படகைப் பார்க்கும்போது இறக்கக் கோணம் 30 டிகிரி. படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? யாரும் நோட்டைத் திறக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். "டீச்சர், மேல இருந்து எங்களை யாரு பாக்கா? நாங்கதான் படகுல இருந்து வெளக்கைப் பாப்போம்" என்றான்.

எத்தனை வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், எனக்குத் தோன்றியதே இல்லை. சரி, படகிலேயே உட்காருவோம் என்று படத்தைத் திருப்பிப் போட்டோம். இப்போது அவன் படகில் இருக்கிறான், தலையை உயர்த்தி விளக்கைப் பார்க்கிறான். இது ஏற்றக் கோணம். கடல் மட்டமும், உச்சியிலிருந்து நேராகப் போகிற பார்வைக் கோடும் இணைகோடுகள், ஆகவே இரண்டு கோணமும் ஒன்றுதான், அதே 30. டேன் 30 என்பது ஒன்றின் கீழ் ரூட் மூன்று. 60-ஐ 1.732-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 104 மீட்டர். போட்டு முடித்ததும் அவன் நோட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். விடை தப்போ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "விடை சரிதான் டீச்சர். ஆனா அவ்வளவு கிட்ட ஓட்டுனா தரை தட்டிப்புடும்" என்றான். மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் படகில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், நாங்கள் மீட்டராக்குவோம். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நோட்டு திறந்தது.

அந்த மூன்று வாரத்தில் ஞாயிறு மன்றாட்டு எழுதுகிற பொறுப்பை எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஒரு பெண், படிப்பை விட்டுக் கடலுக்குப் போகும் ஆபத்தில் உள்ள பிள்ளைகளுக்காக என்று எழுதி வாசித்தாள். பூசை முடிந்ததும் ஒரு வயதான மீனவர் வந்தார். "கடலுக்குப் போறது தப்புக் காரியமா டீச்சர்? பேதுரு என்ன வேலை பாத்தாரு?" என்று கேட்டார். இயேசுவின் சீடரான பேதுருவும் மீனவர்தானே. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் மன்றாட்டை மாற்றி எழுதினாள். பத்தாவது சான்றிதழ் கையில் இருந்தால் பையன் பாலிடெக்னிக் போகலாம், ஐ.டி.ஐ. போகலாம், கடலுக்கும் போகலாம். போகிறதா வேண்டாமா என்று அவன் முடிவு பண்ணட்டும். நாங்கள் அங்கே இருந்தது அதற்காகத்தான். கடலிலிருந்து யாரையும் காப்பாற்ற இல்லை.

இனி, இந்த உரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஒருநாள் கரும்பலகையில் மூன்று தேதி எழுதினேன். மே 31, நாங்கள் ஊருக்குத் திரும்புகிற நாள். ஜூன் 14, தடை முடிகிற நாள். ஜூலை 2, துணைத் தேர்வு தொடங்குகிற நாள். படிப்புக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பையன்களுக்குக் காட்டத்தான் எழுதினேன். மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு அம்மா பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப நீங்க போனதுக்கு அப்புறந்தானே எங்களுக்கு ஆள் வேணும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. அப்பா கரையில் இருக்கிற, படகு கட்டிக் கிடக்கிற, பையனை யாரும் கூப்பிடாத நாட்களில் நாங்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். படகு கிளம்புகிற, பையனைக் கூப்பிடுகிற, தேர்வு நெருங்குகிற அந்தப் பதினெட்டு நாளில் ஒருவர்கூட இல்லை. எங்கள் கல்லூரி விடுமுறையைப் பார்த்துத் தேதி போட்டிருந்தோம். அந்த ஊரின் நாள்காட்டியை நாங்கள் கேட்கவே இல்லை.

நாள் குறிக்கிறதை அந்தத் தீவின் பெண்களிடம் கற்றுக்கொள்ளலாம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவார்கள். பாசி திரும்ப வளர வேண்டும் என்று மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது எனத் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்கு ஓர் அமெரிக்க அமைப்பு தருகிற விருது.

அப்புறம் பேச்சுவார்த்தை தொடங்கியது. நாங்கள் பேசவில்லை, பேசியிருந்தால் எடுபட்டிருக்காது. அம்மாக்களும் பங்குத்தந்தையும் படகு உரிமையாளர்களிடம் போனார்கள். ஆள் குறைந்தால் படகு நிற்கும், நின்றால் நஷ்டம், அவர்கள் கஷ்டமும் நிஜம்தான். கடைசியில் ஒரு வழி பிறந்தது. தேர்வு முடிகிற ஜூலை 8 வரை பையன்கள் கடலுக்கு வர வேண்டாம். ஐஸ் பெட்டி கழுவுவது, டீசல் கேன் தூக்குவது என்று கரை வேலை காலையில் இரண்டு மணி நேரம் செய்யட்டும், அதற்குக் கூலி. எட்டுப் பேருக்கு இது ஒத்துவந்தது. ஒன்பதாவது பையனுக்கு ஒத்துவரவில்லை. கலங்கரை விளக்கப் பையன்தான். இன்ஜின் பழுதுக்கு அவன் அப்பா வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. தடை முடிந்ததும் அவன் போய்விட்டான்.

எங்கள் பக்கம், படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த ஒரு பையன் மதுரைக்குத் திரும்பவே இல்லை, ஜூலை வரை கோவில் மண்டபத்திலேயே படுத்துக்கொண்டான். மற்றவர்கள் முறை வைத்து வெள்ளிக்கிழமை ராத்திரி வருவார்கள், ஞாயிறு சாயங்காலம் கிளம்புவார்கள். வார நாட்களில் நான் போனில் குரல் பதிவு அனுப்புவேன். அங்கே விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகவே கணக்கு வகுப்பை விசைப்படகு போகாத நாளுக்கு மாற்றினோம், அந்த ஒருவனுக்காக.

ஒருநாள் காலையில் படகு கரை சேர்ந்ததும் அவன் வீட்டுக்குப் போகாமல் நேராக வகுப்புக்கு வந்தான். சட்டையெல்லாம் டீசல் வாடை, கை ஐஸில் ஊறி வெளுத்துப்போயிருந்தது. இரண்டு வரி எழுதினான், நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். எங்கள் பையன் அவனை எழுப்பவில்லை. பேனாவை மட்டும் எடுத்து மூடி வைத்துவிட்டு, மற்றவர்களை வாசலுக்கு அழைத்துப் போய்ப் பாடத்தைத் தொடர்ந்தான். அரை மணி கழித்து அவனே எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

ஒன்பது பேரும் எழுதினார்கள். ஆறு பேர் தேர்ச்சி. அவன் அந்த ஆறில் ஒருவன், கணக்கில் 43. மூன்று பேர் தேறவில்லை. அதில் ஒருவனுக்கு இரண்டே மார்க் குறைவு, அவனை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது எங்கள் முகாம் மே மாத நடுவில் தொடங்குகிறது. துணைத் தேர்வின் கடைசித் தாள் எழுதி முடிக்கிற அன்றுதான் முடிகிறது. மே மாதத்துக்கு ஆள் நிறையக் கிடைக்கிறார்கள். ஜூன் மூன்றாம், நான்காம் வாரங்களுக்குத்தான் கிடைப்பதில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, ரிசல்ட்டுக்கோ வேலைக்கோ காத்திருக்கிற தம்பி தங்கைகளே, எந்த ஊர், எந்தச் சபை என்று நாங்கள் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர் இருந்தால் அங்கேயே போகலாம், ஜூன் 15-க்குப் பிறகு போங்கள். எங்களோடு வருவதானால் இப்போதைக்கு ஆங்கிலத்துக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. வகுப்பு நேரத்தை மட்டும் படகு போகிற நாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வணக்கம்.