ஜிப் செய்தால் எது சுருங்கும்?

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் இடம் தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும், பலர் போட்டோ, வீடியோ இருக்கிற போல்டரைத்தான் முதலில் ஜிப் செய்கிறார்கள், அதாவது சுருக்கி ஒரே கோப்பாகக் கட்டுகிறார்கள். நெடுநேரம் ஓடி முடிந்த பிறகு பார்த்தால், 40 ஜிபி இருந்த போல்டர் 39 ஜிபியாக நிற்கும். மென்பொருள் மேல் குறையில்லை. ஏற்கெனவே சுருங்கியதை மறுபடி சுருக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

சுருக்கும் மென்பொருள் ஒரு கோப்புக்குள் திரும்பத் திரும்ப வருவதைத் தேடுகிறது. ‘மாவட்ட ஆட்சியர் அலுவலகம்’ என்ற தொடர் ஒரு கடிதத்தில் பல இடங்களில் வருகிறது என்று வையுங்கள். முதல் தடவை முழுதாக எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை, ‘இத்தனை எழுத்து பின்னால் போய், அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் போடும். ஜேக்கப் சிவ், ஆபிரகாம் லெம்பெல் என்ற இரண்டு அறிஞர்கள் 1977இல் வெளியிட்ட வழி இது. 1989இல் பில் காட்ஸ் கொண்டுவந்த ஜிப்புக்கும், 1999இல் ஈகோர் பாவ்லவ் இலவசமாகத் தந்த 7-ஜிப் என்ற மென்பொருளுக்கும் இதுதான் அடிப்படை. பிரிக்கும்போது ஒரு புள்ளிகூடக் குறையாமல் எல்லாம் திரும்பி வரும்.

போட்டோ கதை வேறு. போட்டோக்களைச் சேமிக்கும் ஜேபெக் முறை, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தையும் சுருக்கித்தான் சேமிக்கிறது. எம்பி3 பாட்டும், செல்போன் வீடியோவும் அப்படித்தான். அவற்றை ஜிப் செய்வது பிழிந்த துணியை மறுபடி பிழிவது போல. இப்போதைய வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப்தான், அதனால் பெரிதாகக் குறையாது.

ஆனால் தமிழில் தட்டச்சு செய்து வைத்த வெறும் எழுத்துக் கோப்புகள் அருமையாகச் சுருங்கும். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற எழுத்துக்கு மூன்று பைட் (கோப்பின் அளவைச் சொல்லும் சிறு அலகு) ஆகிறது. ‘கு’ என்றால் ஆறு பைட், ஏனென்றால் உகரக் குறி தனியாகச் சேருகிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றிலும் அந்த மூன்றில் முதல் பைட் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே வகை. இவ்வளவு ஒரே மாதிரி இருப்பதால் பல நேரம் கால்வாசி அளவுக்கு இறங்கிவிடும். பழைய வேர்ட் கோப்புகள், ஸ்கேன் செய்த பிஎம்பி படங்கள், அச்சகங்களில் குவிந்திருக்கும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள் இவையும் பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

அடிக்கடி திறக்கிற போல்டரை ஜிப் செய்து தினமும் பிரிக்க வேண்டாம். விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. போல்டர் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போனால், இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கு என்ற தேர்வு வரும். அதன் பிறகு கோப்புகள் வழக்கம் போலவே திறக்கும். ஜிப் அளவுக்குக் குறையாது, ஆனால் நமக்கு வேலையே இல்லை.

தொடாமல் வைக்கப்போகிற கோப்புகளுக்கு 7-ஜிப் நல்லது. அதன் சொந்த வடிவம் ஜிப்பைவிட அதிகம் சுருக்கும். ஆனால் பல கோப்புகளைச் சேர்த்து ஒரே தொடராகச் சுருக்குவதால், நடுவில் கொஞ்சம் கெட்டாலும் பல கோப்புகள் போகலாம். ஜிப் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்குவதால் சேதம் பெரும்பாலும் ஒரு கோப்போடு நிற்கும். குடும்ப ஆவணம் என்றால் நான் ஜிப்பைத்தான் சொல்வேன், அதற்கும் வெளியே இன்னொரு பிரதி வேண்டும்.

இன்னொன்று, ஜிப் செய்தவுடன் காலி இடம் அதிகமாகாது, குறையும். மூலக் கோப்பும் ஜிப்பும் சேர்ந்து இருக்கின்றன அல்லவா? முதலில் 7-ஜிப்பில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தி, பிழை இல்லை என்று வந்த பிறகு மூலத்தை அழியுங்கள். அப்புறம் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், அதுவரை இடம் திரும்ப வராது. நன்றி, வணக்கம்.