சென்சார் இறுகினாலும் ஆன்டெனா சுற்றணும்!

வணக்கம் மக்களே. மறுபடியும் மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார், அதாவது ரொட்டேட்டரா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். ஆன்டெனா எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார், அதாவது ஷாஃப்ட்டோடு சுற்றும் மின்தடையான பொட்டென்ஷியோமீட்டருக்கும் எனக்கும் ஆகாது என்பது பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. தூசியும் ஈரமும் ஏறி அதன் ஷாஃப்ட் இறுகிக்கொண்டது. மோட்டார் சும்மா விடுமா? இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கை முறித்துவிட்டுச் சுற்றியது. திரையில் கோணம் 112 டிகிரியிலேயே நின்றது. இன்னும் போய்ச் சேரவில்லை என்று கன்ட்ரோலர் ஓட்டிக்கொண்டே இருந்ததில், கேபிள் முழுக்கக் கம்பத்தைச் சுற்றிவிட்டது.

அதனால் இப்போது தொடாத சென்சார், காந்தத்தின் திசையை வைத்துக் கோணம் சொல்லும் ஏஎஸ்5600 சிப். ஷாஃப்ட் முனையில் 6 மில்லிமீட்டர் காந்தம், எதிரே சிப். ஒரு சுற்றை 4096 ஆகப் பிரித்துச் சொல்லும். நடுவில் 0.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடலாம். நான் அதற்குள் மெல்லிய அக்ரிலிக் தகடு வைத்து, சிப்பை எபாக்ஸியில் மூடிவிட்டேன். குளவி வந்து மண்கூடு கட்டினாலும் அந்தப் பக்கம் இறுகுவதற்கு ஒன்றும் இல்லை.

இனி காந்தக் கதை. காந்தம் 40 ரூபாய், கூரியர் 90 ரூபாய்! சரி, அதையும் கொடுத்தேன். வந்தது தப்பான காந்தம். நமக்கு வேண்டியது வட்டின் குறுக்காகக் காந்தமேற்றியது, ஒரு பாதி வடக்கு, மறு பாதி தெற்கு. கடைக்காரர் அனுப்பியது மேல்முகம் வடக்கு, கீழ்முகம் தெற்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மேஜையில் படுக்கவைத்து, பக்கத்தில் திசைகாட்டியை வைத்துக் காந்தத்தை மெல்லத் திருப்புங்கள். முள்ளும் கூடவே திரும்பினால் சரியான காந்தம். அசையாமல் நின்றால் திருப்பி அனுப்புங்கள். அதற்கும் கூரியர் நம் செலவுதானாம்!

அட, ஒன்றை விட்டுவிட்டேன். ஷாஃப்ட் இரும்பு என்றால் காந்தத்தை அதில் நேராக ஒட்டாதீர்கள், காந்தப் புலத்தை இரும்பே இழுத்துக்கொள்ளும். நடுவில் பித்தளையோ பிளாஸ்டிக்கோ வையுங்கள்.

சரிபார்க்க இரண்டாவது சென்சார் வேண்டும். இன்னொரு ஏஎஸ்5600 போடலாமே என்பீர்கள். சிப்புகள் கன்ட்ரோலரோடு பேசும் ஐ2சி இணைப்பில் இரண்டுக்கும் ஒரே முகவரி, முட்டிக்கொள்ளும். அதனால் பல சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றையே போட்டேன். ஆனால் அதன் இணைப்பில் மெல்லிய பிளாஸ்டிக் கழுத்து. சென்சார் இறுகினால் முதலில் அது முறியும், ஆன்டெனா நிற்காது. விமானச் சென்சார்களின் ஷாஃப்டிலும் இப்படி முறியும் கழுத்து வைப்பதுண்டு.

இரண்டு கோணமும் ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை. கோணம் எதுவும் மாறாமல் மோட்டார் கரன்ட் எகிறினால் ஆன்டெனாவே மாட்டியிருக்கிறது, உடனே நிறுத்து. கரன்ட் சாதாரணமாக இருந்து ஒரு கோணம் மட்டும் நின்றால் அந்தச் சென்சார் போச்சு, மற்றதை வைத்து ஓட்டு.

இதோ, பொட்டென்ஷியோமீட்டரை இடுக்கியால் பிடிக்கிறேன். டக்! கேட்டதா? கழுத்து முறிந்தது, ஆன்டெனா போய்க்கொண்டே இருக்கிறது, சிவப்பு விளக்கும் எரிகிறது. கன்ட்ரோலரின் புரோகிராம் கோடு கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.